பெயர் வேண்டாம், தெரு போதும்

எனக்கு ரகசியம் காப்பவள் என்று ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயரை நானே சம்பாதித்தேன். எண்பதுகளின் கடைசியில், பத்தொன்பது வயதில், ஸ்ரீவில்லிபுத்தூர் நீதிமன்றத்துக்கு எதிர்வரிசையில் இருந்த ஒரு தட்டச்சுக் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். காலையில் ராஜபாளையத்திலிருந்து பஸ் ஏறிப்போய் மாலையில் திரும்புவேன். ஒன்பது வருடம். ஜீவனாம்ச மனுவிலிருந்து பாகப்பிரிவினை வரை, மாமியார் அடித்ததிலிருந்து மாப்பிள்ளை ஓடிப்போனது வரை, இரண்டு ஊர்க் குடும்பங்களின் சங்கதிகளும் என் பத்து விரல் வழியாகத்தான் காகிதத்துக்குப் போயின. ஒரு வார்த்தை வெளியே விட்டதில்லை. பஸ்ஸில் என் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து பூவைப் பற்றிப் பேசிக்கொண்டு வருகிற பெண்ணின் விவாகரத்து மனுவை அன்று காலையில்தான் மூன்று பிரதி அடித்திருப்பேன். முகத்தில் காட்டமாட்டேன். இதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு.

தொண்ணூற்றேழில் எங்கள் ஊரில் ஓர் அண்ணாச்சி கம்ப்யூட்டர் சென்டர் ஆரம்பித்தார். தமிழ் வேகமாக அடிக்க ஆள் வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார். பஸ் பயணம் மிச்சம் என்று நானும் போய்ச் சேர்ந்தேன். கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, கல்லூரிப் பிள்ளைகளின் பிராஜெக்ட் என்று வேலைக்குக் குறைவில்லை. மறு வருடம் இன்டர்நெட் வந்தது. மதுரைக்கு எஸ்.டி.டி. போட்டுத்தான் இணைப்பு வாங்க வேண்டும். கிடைத்தாலும் நடுவில் அறுந்துபோகும். அறுந்தால் அண்ணாச்சி என்னைத்தான் பார்ப்பார், நான் ஏதோ ஒயரைக் கடித்துவிட்ட மாதிரி.

அண்ணாச்சியின் அக்கா மகன் ஒருவன் அமெரிக்காவில் இருந்தான். வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கிற நம் ஊர்க்காரர்களெல்லாம் பேசிக்கொள்ள ஒரு குழுமம் தொடங்கியிருப்பதாக அவன் எழுதினான். ஒருவர் அனுப்பும் மின்னஞ்சல் குழுமத்தில் இருக்கும் எல்லோருக்கும் போகும். ஆனால் நேரே போகாது. முதலில் ஒருவர் படித்துப் பார்த்து, சரி என்று பொத்தானை அழுத்தினால்தான் மற்றவர்களுக்குப் போகும். அந்த ஒருவர் ஊரிலேயே இருக்கிற, வாயைத் திறக்காத ஆளாக இருக்க வேண்டும் என்று அவன் கேட்டான். அண்ணாச்சி என் பக்கம் கையைக் காட்டினார். மட்டுறுத்துநர் என்ற சொல்லெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது. அப்போது மாடரேட்டர்தான். அண்ணாச்சி மாடரேட்டரம்மா என்பார், கிண்டலாக.

எல்லோரும் ஆங்கில எழுத்தில் தமிழை எழுதினார்கள். கண் வலிக்கும். சண்டைதான் அதிகம். ராஜபாளையம் பரோட்டாவா ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவா என்று இரண்டு வாரம் அடித்துக்கொண்டார்கள். ஒன்று காரம், ஒன்று இனிப்பு, இதில் என்ன போட்டி என்று கேட்க ஓர் ஆள் இல்லை. எல்லோரும் மெத்தப் படித்தவர்கள். துபாயிலிருந்து ஒருவர் மூன்று புனைபெயரில் எழுதி, தன்னைத் தானே பாராட்டிக்கொண்டிருந்தார். மூன்று பேருக்கும் ஒரே நாளில் காய்ச்சல் வந்து, ஒரே நாளில் குணமானபோது பிடித்துவிட்டேன். இரண்டு பேரை நீக்கினேன். மூன்றாவது ஆள் மற்ற இருவருக்காகவும் என்னோடு சண்டைக்கு வந்தார்.

அதெல்லாம் சிரிப்பு. ஆனால் ஒருநாள் ஒரு மின்னஞ்சல் வந்தது. பெயர் இல்லை. இன்ன வீட்டுப் பெண் மில்லில் இன்னாரோடு பழகுகிறாள் என்று நாலு வரி. நாங்கள் மொட்டைக் கடிதம் என்று சொல்வோமே, அதே சாமான், புதுச் சட்டை போட்டு வந்திருந்தது. அழித்தேன். அதற்குப் பிறகு நான் ஒரு சட்டம் போட்டேன். புனைபெயர் வைத்துக்கொள்ளலாம். உண்மைப் பெயரும் ஊர் முகவரியும் என்னிடம் மட்டும் இருக்கும். ஆனால் ஒவ்வொரு கடிதத்தின் கீழும் எந்த ஊர், எந்தத் தெரு என்று போட வேண்டும். பெயர் வேண்டாம், தெரு போதும்.

அமெரிக்காவிலிருந்த அண்ணாச்சியின் மருமகனுக்கு இது புரியவில்லை. அங்கே எந்தக் குழுமத்திலும் இப்படி இல்லையாம். அங்கே இல்லாமல் இருக்கலாம். எங்கள் பக்கத்தில் ஒருவரைப் பார்த்தால் முதலில் பெயரா கேட்கிறோம்? எந்தத் தெரு, யார் வீடு என்றுதான் கேட்கிறோம். புருஷன் பெயரை வாயால் சொல்லாமல் அவிய அவிய என்றே ஆயுள் முழுக்க ஓட்டுகிற பெண்கள் இருக்கிற ஊர் இது. பெயர் என்பது பெரிய விஷயம், மறைக்க வேண்டியது. தெரு என்பது எல்லோருக்கும் பொதுவானது. அப்படித்தான் நினைத்தேன்.

சட்டம் நன்றாகவே வேலை செய்தது. கீழே சோழபுரம், கிழக்குத் தெரு என்று போட்ட பிறகு ஆட்களுக்கு மரியாதை தானாக வந்தது. தன் தெருவின் மானம் போகக்கூடாது என்று பார்த்துப் பேசினார்கள். வெளிநாட்டில் இருந்தவர்களுக்கு அந்தத் தெருப் பெயரைப் பார்ப்பதே ஒரு சந்தோஷம். அந்தத் தெருவில் அந்த மாவுமில் இன்னும் இருக்கிறதா என்று கேட்டு எழுதுவார்கள். மருமகனே பாராட்டி எழுதினான். நான் அந்தக் கடிதத்தை இரண்டு முறை படித்தேன்.

அண்ணாச்சிக்கு அடுத்த யோசனை வந்தது. கம்ப்யூட்டர் இல்லாதவர்களும் படிக்கட்டும் என்று, மாதம் ஒரு தாள் அச்சடித்து வாசலில் ஒட்டலாம் என்றார். குழுமத்தில் வந்ததில் நல்லதாக நாலைந்தைப் பொறுக்கி நான் தமிழ் எழுத்தில் அடிப்பேன். ஒரு பிரதி எங்கள் வாசலில், ஒரு பிரதி ஸ்ரீவில்லிபுத்தூரில் அவருடைய தம்பி நடத்திய ஜெராக்ஸ் கடைச் சுவரில். ஜெராக்ஸுக்கு நிற்கிற கூட்டம் சுவரைப் பார்த்துப் படிக்கும். அதனால் கூட்டம் கூடியது என்றும் சொல்ல வேண்டும்.

எங்கள் தெரு ஊருணித் தெரு. பதினேழே வீடு. எங்கள் வீட்டிலிருந்து நாலாவது வீட்டில் ஒரு கிறிஸ்தவக் குடும்பம். அந்த வீட்டுப் பெண் என்னைவிட ஐந்து வயது சின்னவள், ஒரு நர்சரிப் பள்ளியில் டீச்சர். தட்டச்சு பழகுகிற காலத்தில் லோயர் பரீட்சைக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் என்னிடம் வந்து வேகம் பழகினாள். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பையன் ஒருவனுக்கு அவளை நிச்சயம் செய்திருந்தார்கள். சனிக்கிழமை மத்தியானங்களில் சென்டருக்கு வருவாள். நான்தான் அவளுக்கு மின்னஞ்சல் கணக்கு ஆரம்பித்துக் கொடுத்துக் குழுமத்தில் சேர்த்துவிட்டேன். தவிட்டுக்குருவி என்று புனைபெயர் வைத்துக்கொண்டாள். சமையல் குறிப்புக்கு நன்றி சொல்வதைத் தவிர அவள் ஒன்றும் எழுதியதில்லை.

ஒரு சனிக்கிழமை என் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அக்கா, ஒண்ணு எழுதணும். தெரு போடாம எழுதலாமா?"

"ஏன்?"

"சும்மாதான்."

"சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான். ஒனக்கு விட்டா நாளைக்கு துபாய்க்காரர் வந்து கேப்பாரு."

"அதுவும் சரிதான்" என்று சிரித்தாள். "அமெரிக்காவுக்கும் லண்டனுக்கும்தானே போகுது. அங்க யாருக்கு நம்ம தெருவுல என்ன இருக்கு."

போய் உட்கார்ந்து செத்த நேரம் அடித்துவிட்டுப் போனாள். அவள் போன பிறகு அது என் முன்னால் வந்து, சரியா என்று கேட்டு நின்றது. இத்தனை வருடம் பக்கத்தில் இருந்து பார்த்தும் எனக்குத் தெரியாத ஒன்று அதில் இருந்தது. பத்தாவது படிக்கும்போதிலிருந்து அவளுக்கு வலிப்பு. மதுரை டாக்டரிடம் மாத்திரை. நாலு வருடமாக ஒருமுறைகூட வரவில்லை. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் மட்டும் தெரியும். மாப்பிள்ளை வீட்டில் சொல்லவில்லை, சொல்ல வேண்டாம் என்கிறார்கள். அவர்கள் கோயிலில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம், இதற்குத் தடை தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் தெரிவிக்கலாம் என்று சபையின் முன்னால் குருவானவர் வாசிப்பார். அவள் கேட்டிருந்தது இதுதான்: என் வியாதி ஒரு தடையா? அது தெரிந்த நான் என் ஓலையைக் கேட்டுக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருக்கலாமா?

நான் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். பிறகு பொத்தானை அழுத்தினேன்.

பத்து நாளில் முப்பதுக்கு மேல் பதில்கள். அந்தக் குழுமத்தில் அப்படிப் பேசுவார்கள் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை. லண்டனில் டாக்டராக இருந்த நம் ஊர்ப் பெண் ஒருவர் பாடம் நடத்துகிற மாதிரி நீளமாக எழுதினார். மாத்திரை சரியாகச் சாப்பிட்டால் கல்யாணம், குழந்தை எதற்கும் தடையில்லை, டாக்டரைக் கேட்டுக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் என்றார். "ஆனால் நீயே சொல். உன் வாயால், அவரிடம், தனியாக. மருந்துச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு சொல்" என்று முடித்திருந்தார். பரோட்டாவுக்காகச் சண்டை போட்டவர், தன் மனைவிக்கும் இருக்கிறது, இரண்டு பிள்ளைகள், சுகமாக இருக்கிறோம் என்று முதல்முறையாக வெளியே சொன்னார். அசிங்கமாக எழுதியவர்கள் இரண்டே பேர். அவர்களுடையதை அழித்தேன். சாவிக்கொத்தைக் கையில் கொடுத்தால் வலிப்பு நிற்கும் என்று எழுதியவரை விட்டேன், டாக்டர் அவரைக் கிழித்துத் தோரணம் கட்டுவார் என்று தெரிந்துதான். கட்டினார். எனக்குப் பெருமையாக இருந்தது. இத்தனை நல்லபடியாக இது நடந்ததற்கு என் சட்டம்தான் காரணம் என்று நினைத்தேன்.

மாதத் தாள் அடிக்கிற நாள் வந்தது. இதைப் போடாமல் எதைப் போடுவது? ஊரில் எத்தனை வீட்டில் இந்த வியாதியை மூடிவைத்துக்கொண்டு பூசாரியிடம் அலைகிறார்கள். படித்தால் பத்துப் பேருக்குப் புத்தி வரும். நான் ரகசியம் காப்பவள் இல்லையா, அதனால் மிகவும் கவனமாக அடித்தேன். தவிட்டுக்குருவி என்பதை எடுத்துவிட்டு ஒரு சகோதரி என்று போட்டேன். டீச்சர் என்பதை எடுத்தேன். மதுரை டாக்டரை எடுத்தேன். ஓலையைப் பற்றிய வரிகள் முழுவதையும் வெட்டினேன், கிறிஸ்தவப் பெண் என்று தெரிந்துவிடும் என்பதால். அந்த வரிகளை வெட்டும்போது வருத்தமாகக்கூட இருந்தது, கடிதத்திலேயே நல்ல வரிகள் அவைதாம். கல்யாணம் பேசியிருக்கிற பெண் ஒருத்தி, வியாதியைச் சொல்லலாமா என்று கேட்கிறாள், அவ்வளவுதான் மிஞ்சியது. கீழே, வழக்கம்போல, ராஜபாளையம், ஊருணித் தெரு என்று அடித்தேன்.

கை தானாக அடித்தது என்று சொல்லித் தப்பிக்க மாட்டேன். யோசித்துத்தான் அடித்தேன். தெரு இல்லாவிட்டால் மொட்டைக் கடிதம் ஆகிவிடும், யாரோ கதை கட்டினதாகச் சொல்லிவிடுவார்கள் என்று நினைத்தேன். அவளிடம் கேட்கவும் இல்லை. கேட்க வேண்டுமானால் நாலு வீடு நடந்தால் போதும். எனக்கு அது தோன்றவே இல்லை.

முதல் ஓலை வாசித்த ஞாயிற்றுக்கிழமைக்கு மறுநாள் தாள் இரண்டு ஊரிலும் ஒட்டப்பட்டது. அன்று மத்தியானமே, ஸ்ரீவில்லிபுத்தூரில் அரசாங்க ஆபீஸ் ஒன்றில் கிளார்க்காக இருந்த பையனின் சித்தப்பா ஏதோ ரேஷன் கார்டைப் பிரதி எடுக்க அந்தக் கடைக்குப் போயிருக்கிறார். சுவரைப் படித்திருக்கிறார். ஊருணித் தெரு என்றதும் நின்றிருக்கிறார். சுவரிலிருந்து தாளைக் கழற்றி, அதே மிஷினில் ஒரு ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு, தாளைப் பழையபடி ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார். ஒழுங்கான மனிதர்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவள் சென்டருக்கு வந்தாள். செவ்வாய்க்கிழமை அவள் வரும் நாள் இல்லை. கையில் அந்த ஜெராக்ஸ் தாள். நாலாக மடித்திருந்தது. பின்பக்கம் பேப்பர் கட்டு வைக்கிற அறைக்குள் இருவரும் போனோம். அழுத முகமாக இல்லை, வேகமாக நடந்து வந்த முகமாக இருந்தது.

"இது நீங்க அடிச்சதாக்கா?"

"ஆமா. பேரு போடலியே."

என் வாயிலிருந்து முதலில் வந்தது அதுதான். பேரு போடலியே.

"நம்ம தெருவுல கல்யாணத்துக்கு நிக்கிற பிள்ளை ரெண்டே பேரு. நீங்களும் நானும்" என்றாள். "அவிய சித்தப்பா மத்தியானம் வீட்டுக்கு வந்தாரு. கோவமெல்லாம் படல. இந்தத் தாளக் குடுத்து, உங்க தெரு போட்டிருக்கு, யாருன்னு விசாரிச்சு வைங்க, வியாழக்கிழமை வாரேன்னுட்டுப் போயிருக்காரு. அப்பா தெரியலன்னு சொல்லிட்டாரு. நான் எழுதினேன்னு அப்பாவுக்கே இப்பதான் தெரியும்."

மன்னிச்சிரு என்றேன். அவள் அதைக் கேட்க வரவில்லை.

"ஞாயித்துக்கிழமை அவிய வீட்டுல எல்லாரும் வாராங்க, சேலை எடுக்க. அன்னைக்கு அவியகிட்ட தனியாச் சொல்லணும்னு நெனச்சு வச்சிருக்கேன். சீட்டெல்லாம் எடுத்து வச்சிட்டேன். என்ன சொல்லணும், மொதல்ல எதைச் சொல்லணும், எல்லாம் மனசுக்குள்ள சொல்லிப் பாத்துட்டேன்." கையிலிருந்த தாளைப் பிரித்தாள். "அக்கா, வியாழக்கிழமை அவரு வந்தா, இதை எழுதினது நீங்கன்னு சொல்லுதீங்களா?"

"நானா?"

"உங்களுக்கும் கான்சாபுரத்துல பேசிக்கிட்டுதானே இருக்காங்க. பொருந்தும். ஞாயித்துக்கிழமை வரைக்கும்தான். பொறவு நானே எல்லாருகிட்டயும், அது நான்தான், அக்கா எனக்காகச் சொன்னாங்கன்னு சொல்லிருதேன். பொய்யில கல்யாணம் பண்ணணும்னு நெனைக்கலக்கா. அவிய அதை என் வாயால கேக்கணும். தாளைப் பாத்துத் தெரிஞ்சுக்கக் கூடாது. அம்புட்டுதான்."

எத்தனையோ மனுக்களில் எத்தனையோ பேர் எதையெதையோ கேட்டிருக்கிறார்கள். இவ்வளவு சின்னதாக, இவ்வளவு நியாயமாக யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. ஐந்து நாள். அது நான் எடுத்துக்கொண்டதைத் திருப்பிக் கேட்பதுதான்.

எனக்கு இருபத்தொன்பது வயது. கான்சாபுரத்திலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போனவர்கள் மூன்று வாரமாகப் பதில் சொல்லாமல் இருந்தார்கள். அம்மா தினமும் போஸ்ட்மேனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வலிப்பு என்ற சொல் என் பெயரோடு ஒருநாள் ஒட்டினாலும் போதும், அதை உரித்து எடுக்க முடியாது என்று எனக்குத் தெரியும். எங்கள் ஊர் எப்படிப் படிக்கும் என்று அந்த அறையில் நின்றபோது எனக்கு மிகத் தெளிவாகத் தெரிந்தது. அவளுடைய கடிதத்தை ஒட்டும்போது தெரியாதது, என் விஷயம் என்றதும் தெரிந்துவிட்டது.

"யோசிச்சுச் சொல்லுதேன்" என்றேன்.

"சரிக்கா" என்றாள். தாளை மறுபடியும் நாலாக மடித்துக்கொண்டு போனாள்.

புதன்கிழமை நான் உட்காரவே இல்லை. காலையில் வாசலில் இருந்த தாளைக் கிழித்தேன். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறிப்போய் அங்கே இருந்ததையும் கிழித்தேன். அண்ணாச்சியின் தம்பி ஏன் என்று கேட்டதற்கு எரிந்து விழுந்தேன். திரும்பிவந்து, குழுமத்தின் பழைய கடிதங்களிலிருந்து அவளுடையதையும் அதற்கு வந்த முப்பது பதில்களையும் ஒவ்வொன்றாக அழித்தேன். டாக்டர் எழுதியதை அழிக்கும்போது மட்டும் கை கொஞ்சம் நின்றது. இனி யாரும் தெரு போட வேண்டாம் என்று புதுச் சட்டம் எழுதி அனுப்பினேன். காரணம் கேட்டு மருமகன் எழுதினான், பதில் போடவில்லை. மாதத் தாளும் இனி கிடையாது என்று அண்ணாச்சியிடம் சொன்னேன். உனக்கு என்ன வந்தது என்றார். அன்று செய்யக்கூடிய எல்லாவற்றையும் செய்தேன், நாலு வீடு தள்ளிப் போய் சரி என்று சொல்வதைத் தவிர. இரவு அவள் வீட்டைத் தாண்டித்தான் என் வீட்டுக்குப் போக வேண்டும். பின்பக்கச் சந்து வழியாகச் சுற்றிப் போனேன்.

வியாழக்கிழமை வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் முன்னதாகவே வேலைக்குக் கிளம்பிவிட்டேன். இரவு சாப்பிடும்போது அம்மா சொல்லித்தான் தெரியும். பையனின் சித்தப்பா வந்தாராம். அவளுடைய அப்பா ஏதோ சொல்ல வாயெடுக்க, இவளே உள்ளேயிருந்து வந்து, அது நான்தான் மாமா என்று சொல்லிவிட்டாளாம். மருந்துச் சீட்டையும் காட்டினாளாம். அவர் அதை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாராம். சத்தம் போடவில்லை.

"வீட்டுக்கு வந்து சொல்லியிருந்தா நாங்களும் யோசிச்சிருப்போம். சொவத்துல ஒட்டி ஊரே படிச்ச பொறவு, எங்க அண்ணன் என்னத்த யோசிக்க?" என்றாராம்.

அம்மா எனக்குக் குழம்பை ஊற்றிக்கொண்டே, "எம்புட்டு நாளா மறைச்சு வச்சிருந்திருக்காவ பாரு" என்றாள். நான் தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை இரண்டாவது ஓலை வாசிக்கவில்லை. பையன் என்ன நினைத்தான் என்பது யாருக்கும் தெரியாது. அவனிடம் அவள் சொல்லவே இல்லை, சொல்ல நாள் வரவில்லை. அடுத்த மாதமே அவள் மதுரையில் ஒரு பள்ளியில் வேலை தேடிக்கொண்டு ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள். கான்சாபுரத்தாரிடமிருந்தும் பதில் வந்தது. பெண்ணுக்கு வயது கூடுதல் என்று எழுதியிருந்தார்கள். எதைக் காப்பாற்ற நான் பின்சந்து வழியாகப் போனேனோ, அதன் லட்சணம் இவ்வளவுதான். சிரிக்கக்கூட முடியவில்லை.

நான் பயந்தது வேறு. தாளை அடித்தவள் நான்தான் என்று அந்த வீட்டுக்குத் தெரிந்திருக்கும். கேட்டும் நான் வராமல் இருந்தேன் என்பதும் தெரிந்திருக்கும். ஒருநாள் வாசலில் வந்து நின்று கேட்பார்கள் என்று எதிர்பார்த்துக்கொண்டே இருந்தேன். கேட்டால் என்ன சொல்வது என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்ததும் உண்டு. ஒன்றும் சரியாக வரவில்லை.

யாரும் வரவில்லை. மூன்று மாதம் கழித்து கிறிஸ்துமஸ் அன்று காலையில் அவளுடைய அம்மா வந்தார். ஒவ்வொரு வருடமும் கொண்டுவருகிற மாதிரி, தட்டில் அச்சுமுறுக்கும் கேக்கும், மேலே ஒரு துணி. நான்தான் வாசலில் இருந்தேன். எழுந்து நின்றேன்.

"அவ லீவுக்கு வரலியா அத்தை?" என்றேன்.

"வரலம்மா. அங்கயே இருக்கேன்னுட்டா." தட்டை என் கையில் கொடுத்தார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஒன்கிட்ட ஒண்ணு சொல்லணும்னு இருந்தேன். அந்தத் தாள் விஷயத்துல நீ எம்புட்டோ பாடுபட்டியாம்ல. மொதலாளி போடத்தான் செய்வேன்னு நிக்க, நீ சண்டை பிடிச்சியாம். பொறவு ரெண்டு ஊருலயும் போய் நீயே கிழிச்சுப் போட்டியாம். அந்தக் கடுதாசியை நான் எழுதினதாச் சொல்லுதேன்னுகூட அவகிட்ட கேட்டியாம். அவதான் வேண்டாம், ஒனக்கும் வரன் பாக்குற நேரம்னு சொல்லிட்டாளாம். எங்க வீட்டுல எல்லாருகிட்டயும் சொல்லிருக்கா. கூடப் பிறந்தவ செய்வாளா, நீ செஞ்சிருக்க."

தாளைக் கிழித்ததைத் தவிர அதில் ஒன்றுகூட நடந்ததில்லை. நான் அவளுக்காக ஐந்து நாள் சொல்ல மறுத்த பொய்யை, அவள் எனக்காகச் சொல்லிவைத்துவிட்டுப் போயிருக்கிறாள். என்னை ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. அவர் என் கையை விடாமல் நின்றார். கண் கலங்கியிருந்தது. பொத்தானை அழுத்தாமல் நிறுத்தக்கூடிய இடத்தில் அப்போது நான் இருந்தேன். ஒரு வார்த்தை போதும், இல்லை அத்தை, அப்படி நடக்கவில்லை என்று.

"அதுல என்ன இருக்கு அத்தை" என்றேன்.